பனிமலையில் நல்ல பியர் தேடி

(வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விருப்பமான பொருள் பற்றிப் பேசலாம் என்று செயலாளர் அவர்கள் உரிமை தந்தார்கள். நான் தலைப்பைச் சொன்னதும் தொலைபேசியின் மறுமுனையில் சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு, "ஐயா, இது இலக்கிய விழா" என்றார்கள். இலக்கிய விழா என்பதால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். பனிச்சறுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் ஒரு நல்ல பியரைத் தேடியலைந்த கதை இது. ஆனால் சிறிய அளவில், கையால், தன் பெயர் சொல்லிச் செய்யப்படும் ஒரு பொருள் பெரும் சந்தையின் நடுவே எப்படி உயிர் வாழ்கிறது என்னும் கேள்வியும் அதற்குள் இருக்கிறது. பத்து ஆண்டுகளாக நாம் இந்த அறையில் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் அதுதான்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவின் எல்லையை ஒட்டி, வெர்மாண்ட் என்றொரு மாநிலம் இருக்கிறது. மக்கள் தொகை ஏறத்தாழ ஆறரை லட்சம். அங்கே ஸ்டோ என்னும் சிற்றூருக்குத் தம்பியின் குடும்பத்தோடு சென்றிருந்தேன். அருகில் நிற்பது மான்ஸ்ஃபீல்டு மலை. வெர்மாண்டில் மிக உயர்ந்தது. 4,390 அடிக்குச் சற்று மேல். இமயத்தை அறிந்தவர்களுக்கு அது குன்று. குளிர்காலத்தில் தொங்கு நாற்காலியில் அதன் மேலே ஏறிப் பார்த்தவர்களுக்கு அது மலைதான். 1930களில் மரம் வெட்டிச் சறுக்குப் பாதை அமைத்த நாள் முதல், பனிச்சறுக்கையே ஊரின் பிழைப்பாகக் கொண்ட இடம்.

கவிஞர்கள் நிறைந்த அவையில் அந்த மாநிலத்தைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஸ்டோவிலிருந்து மலையைக் கடந்தால் ஜெரிக்கோ என்னும் ஊர் வரும். அங்கே வில்சன் பென்ட்லி என்னும் உழவர் இருந்தார். 1885 ஜனவரியில், நுண்ணோக்கியோடு ஒளிப்படக் கருவியைப் பொருத்தி, ஒற்றைப் பனித்துகளைப் படமெடுத்தவர் அவர். தம் மூச்சுக்காற்றின் சூடு பட்டால் துகள் உருகிவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு, 1931இல் இறக்கும் வரையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்று உலகுக்குச் சொன்னவரும் அவரே. அக்கம்பக்கத்தவர் அவரைச் சற்று வினோதமாகவே பார்த்தார்களாம். கவிஞர்களுக்கு அந்தப் பார்வை புதிதன்று.

இரண்டாவது செய்தி ராபர்ட் ஃபிராஸ்ட் பற்றியது. பனி விழும் காட்டோரம் குதிரை வண்டியை நிறுத்திய மனிதனைப் பற்றிய அவருடைய கவிதையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை அவர் எழுதியது வெர்மாண்டின் தென்பகுதியில், ஷாஃப்ட்ஸ்பரியில் இருந்த தம் வீட்டில். 1922ஆம் ஆண்டின் ஜூன் மாதத்து விடியற்காலையில். அதாவது, கடுங்கோடையின் தொடக்கத்தில் பனியைப் பற்றி எழுதினார். ஒரு பொருள் கவிதையாவதற்கு எத்தனை மாதம் உள்ளே கிடந்து நொதிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. நொதித்தல் என்ற சொல்லைத் தெரிந்தே சொன்னேன்.

இனித் தேடலுக்கு வருகிறேன்.

பனிச்சறுக்கு முடித்த மாலையில் உடம்பு ஒரு விதமாகக் களைத்திருக்கும். கனத்த காலணிகளைக் கழற்றியதும் பாதங்கள் நம்முடையவை என்ற உணர்வு மெல்லத் திரும்பும். அந்த வேளையில் மக்கள் அடிவாரத்து உணவகங்களில் கூடுவார்கள். நாங்கள் முதலில் நுழைந்த உணவகத்தில் வரிசையாகக் குழாய்கள் இருந்தன. பெயர்கள் அனைத்தும் எந்த விமான நிலையத்திலும் கிடைப்பவை. வெளிர் மஞ்சள் நிறம், நுரை, குளிர்ச்சி. குளிர்ச்சியைத் தவிர நாவில் எதுவும் தங்கவில்லை. பியரை உறைநிலைக்கு அருகில் கொண்டுபோனால் மணமும் சுவையும் ஒடுங்கிவிடும். சுவையற்ற பியரை விற்போர்க்கு அது வசதி. தொங்கு நாற்காலியில் எங்களை ஏற்றிவிடும் இளைஞனிடம் மறுநாள் கேட்டேன்: "இந்த ஊர்க்காரர்கள் என்ன குடிப்பார்கள்?" அவன் சிரித்துவிட்டு, ஒரு பெயரையும் ஒரு தெருவையும் சொன்னான். நல்ல பியருக்கு விளம்பரப் பலகை வழிகாட்டுவதில்லை. நல்ல சிற்றிதழ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று நாம் இளமையில் ஒருவரையொருவர் கேட்டு அறிந்தது போலத்தான்.

அவன் சொன்ன பெயருக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. பியருக்குக் கைப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் ஹாப்ஸ் விளைச்சலில் நியூயார்க்குக்கு அடுத்த நிலையில் இருந்தது இந்தச் சிறு மாநிலம். அதே காலத்தில்தான், 1850களின் தொடக்கத்தில், மாநிலம் மதுவிலக்கையும் கொண்டுவந்தது. அது அரைநூற்றாண்டு நீடித்தது. பின்னர் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. ஸ்டோவிலிருந்து மலையைக் கடக்கும் கணவாய்க்குக் கடத்தல்காரர் கணவாய் என்றே பெயர். 1807இல் பிரிட்டனோடு வணிகம் தடைப்பட்டபோது கனடாவுக்குச் சரக்குக் கடத்திய பாதை அது. மதுவிலக்குக் காலத்தில் சாராயமும் அவ்வழியே வந்தது. இன்று குளிர்காலம் முழுவதும் அந்தச் சாலை பனியால் மூடப்பட்டுவிடும்.

மதுவிலக்கு முடிந்த பிறகும் சிறிய ஆலைகள் மீளவில்லை. பெரியவை சிறியவற்றை விழுங்கின. 1970களின் இறுதியில் அமெரிக்கா முழுவதிலும் நூற்றுக்கும் குறைவான பியர் ஆலைகளே இருந்தன. அவை காய்ச்சியதும் பெரும்பாலும் ஒரே சுவை. மாற்றத்தின் தொடக்கம் சமையலறையில்தான் நிகழ்ந்தது. 1978இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், வீட்டில் தம் தேவைக்குப் பியர் காய்ச்சுவதை அனுமதித்தது. வீட்டு அடுப்பில் பழகியவர்கள் சிறிய ஆலைகளைத் தொடங்கினார்கள். இன்று அந்நாட்டில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பியர் ஆலைகள் உள்ளன.

வெர்மாண்டில் இந்த வழியைத் திறந்தவர் கிரெக் நூனன். பியர் காய்ச்சும் கலைபற்றி 1986இல் நூல் எழுதியவர். காய்ச்சும் இடத்திலேயே பரிமாறவும் இடம் தரும் சட்டம் மாநிலத்தில் இல்லை. சட்டமன்றத்தாரிடம் ஆண்டுக்கணக்கில் நடையாய் நடந்து, 1988இல் அதைப் பெற்று, அவ்வாண்டே பர்லிங்டன் நகரில் தம் விடுதியைத் திறந்தார். 1990களில் அவரிடம் தொழில் பழகியவர் ஜான் கிம்மிக். அங்கே பணியாற்றிய ஜென் என்பவரை மணந்து, இருவருமாக 2003இல் வாட்டர்பரி என்னும் சிற்றூரில் 'ஆல்கெமிஸ்ட்' என்ற விடுதியைத் தொடங்கினர். இரசவாதி என்பது பொருள். அடுத்த ஆண்டு அங்கே 'ஹெடி டாப்பர்' பிறந்தது. ஸ்டோ இளைஞன் எனக்குச் சொன்ன பெயர் அதுவே.

இதில் நான் வியந்த செய்தி ஒன்று உண்டு. பியரில் மாவுச்சத்தின் இனிப்பைச் சாராயமாக்குவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். கிம்மிக் பயன்படுத்தும் ஈஸ்ட், ஆசிரியர் நூனனிடமிருந்து பெற்றது. நூனன் 2009இல் காலமானார். அவர் கொடுத்த ஈஸ்ட் இன்றும் தொட்டிதோறும் பெருகிக்கொண்டிருக்கிறது. குருவிடமிருந்து சீடனுக்குப் போவது சொல் என்றும் பாணி என்றும் நாம் பேசுவோம். இங்கே உயிரே கைமாறியிருக்கிறது.

2011 ஆகஸ்டு 28 அன்று ஐரீன் என்னும் புயல் வெர்மாண்டைத் தாக்கியது. ஆறு பெருகி வாட்டர்பரிக்குள் புகுந்தது. விடுதி அழிந்தது, அடித்தளத்தில் இருந்த காய்ச்சும் கலன்கள் நீரில் மூழ்கின. ஆனால் அதே ஊரில், மேட்டு நிலத்தில், தகரக் குவளையில் அடைப்பதற்கென அவர்கள் கட்டிக்கொண்டிருந்த சிறிய ஆலை தப்பியது. வெள்ளம் வந்த இரண்டாம் நாள் அங்கிருந்து முதல் குவளை வெளிவந்தது. பின்னர் அதன் புகழ் பரவியது. பல மணி நேரம் வண்டியோட்டி வந்து மக்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கு இவ்வளவுதான் என்று அளவு வைக்கவேண்டியதாயிற்று. வண்டிகளின் நெருக்கடி ஊரைத் தொல்லைப்படுத்தவே, 2013 நவம்பரில் ஆலையின் விற்பனைக் கூடத்தையே மூடிவிட்டார்கள். 2016இல் ஸ்டோவில் பார்வையாளர்க்கென இடவசதியோடு இரண்டாவது ஆலையைத் திறந்த பிறகே மக்கள் நேரில் சென்று வாங்க முடிந்தது. நாடெங்கும் அனுப்பிப் பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கலாம். அவர்கள் தங்கள் மாநிலத்தை விட்டு அதிகம் வெளியே அனுப்பவில்லை. ஹாப்ஸின் மணம் காற்றும் வெப்பமும் பட்டால் சில வாரங்களில் மங்கிவிடும். தொலைவு போனால் அது வேறு பானம்.

அதன் சுவையைச் சொல்லவேண்டும் அல்லவா? அங்கேதான் எனக்கு இடர் தொடங்கியது. வடிகட்டாத பியர், இளநீர்க் கலங்கல் போன்ற தோற்றம், நூற்றுக்கு எட்டுப் பங்கு சாராயம். சாத்துக்குடித் தோலைக் கிள்ளினால் தெறிக்கும் மணம் முதலில். முற்றாத மாங்காயின் காம்புப்பால் போல ஒன்று அடுத்து. பிறகு ஊசியிலை மரத்துப் பிசின். எல்லாவற்றுக்கும் அடியில் நெடுநேரம் நிற்கும் கைப்பு. அறுசுவை வகுத்த மரபு நம்முடையது. ஆனாலும் கைப்பின் வகைகளைச் சொல்ல எனக்குப் பாகல், வேம்பு, சுண்டை என்று பொருள்களின் பெயர்தான் வந்தது; பண்பின் பெயர் வரவில்லை. கைப்பு மகிழ்ச்சி தரும்போது அதற்கு என்ன பெயர்? இந்த அவையின் கவிஞர்களிடம் அந்தக் கேள்வியை ஒப்படைக்கிறேன்.

ஒரு காலத்தில் நம்மிடம் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. கள், நறவு, தேறல், பிழி, அரியல், மட்டு, தோப்பி எனச் சங்க நூல்கள் விரித்துச் சொல்லும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பானத்தின் செய்முறையையே பாடியிருக்கிறார்: அரிசிக் கூழை அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, அதில் முளையடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது. அந்த அடை நெல்முளையைக் கொண்டு செய்தது என்று உரை விளக்கும். முளைவிட்ட தானியம் மாவுச்சத்தை இனிப்பாக்கும். இனிப்பு நொதித்துச் சாராயமாகும். பார்லியை முளைக்கவைத்துச் செய்யும் பியரின் அடிப்படையும் இதுவேதான். வெர்மாண்டின் கலனருகே நின்றபோது எனக்கு அந்தப் பாட்டு நினைவுக்கு வந்தது. கலன் எஃகு, செயல் பழையது.

மது பற்றிப் பேசுகிறவன் வள்ளுவரைக் கடந்து போகமுடியாது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த பேராசான் அவர். குடியால் சிதைந்த குடும்பங்களை அறியாதவர் இந்த அவையில் எவரும் இரார். அந்த அதிகாரத்தின் ஒரு சொல்லையும் நான் தளர்த்த வரவில்லை. பனிமலையில் இன்னொரு காரணமும் உண்டு. சாராயம் தோலின் நாளங்களை விரியச் செய்யும். சூடு ஏறுவது போலத் தோன்றும். உண்மையில் உடலின் வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே சறுக்கு முடியும் முன் ஒரு மிடறும் கூடாது. வண்டியோட்டுபவர் அன்று தேநீர்தான். எங்கள் குழுவில் தம்பி மனைவி அந்தப் பொறுப்பை ஏற்றார்; எங்கள் வீண்பேச்சை மிகுந்த பொறுமையோடு கேட்டுக்கொண்டார்.

நம் மரபில் வள்ளுவருக்கு மறுபுறம் ஔவையும் இருக்கிறார். அதியமான் மறைந்தபோது அவர் பாடிய கையறுநிலைப் பாட்டு, மன்னனின் வெற்றியில் தொடங்கவில்லை. கள் சிறிதே கிடைத்தபோது அவன் என்ன செய்தான், மிகுதியாகக் கிடைத்தபோது என்ன செய்தான் என்று தொடங்குகிறது. சிறிதளவைப் பிறர்க்குக் கொடுத்தவன் என்பதுதான் அவனைப் பற்றி ஔவைக்கு முதலில் நினைவு வந்தது. குடித்ததைப் பற்றிய பாட்டாக அதை நான் படிப்பதில்லை. அளவையும் பகிர்வையும் பற்றிய பாட்டாகவே படிக்கிறேன்.

ஸ்டோவில் இன்னோர் ஆலையையும் பார்த்தோம். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தால் உலகறிந்த ட்ராப் குடும்பம் ஆஸ்திரியாவை விட்டு வந்து, 1942இல் இங்கே பண்ணை வாங்கியது. அந்தக் குடும்பத்தின் இளைய மகன் யொஹான்னஸ் 1968இல் சமநிலப் பனிநடைக்கு ஒரு மையம் அமைத்தார். 2010இல் பியர் ஆலை தொடங்கினார். அவர்கள் காய்ச்சுவது லாகர். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சேமித்து வைத்தல் என்று பொருள். குளிரில் வாரக்கணக்கில் கிடந்து தெளியவேண்டும். ஹெடி டாப்பர் உடனே குடிக்கவேண்டிய பியர்; இது காத்திருந்து வந்த பியர். சூட்டோடு அச்சேற வேண்டிய கவிதையும் உண்டு. ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடக்கவேண்டிய கவிதையும் உண்டு.

நண்பர்களே, எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 1994இல் பர்லிங்டனில் தொடங்கிய 'மேஜிக் ஹேட்' என்னும் சிறிய ஆலை விரைந்து வளர்ந்தது. 2010இல் பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. 2020இல் அதன் உற்பத்தி நியூயார்க் மாநிலத்துக்கு இடம் மாறியது. பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. ஸ்டோவின் சறுக்கு மலையையும் 2017இல் கொலராடோவைச் சேர்ந்த வெய்ல் நிறுவனம் வாங்கிவிட்டது.

அதற்கு மாறாக, தெற்கே மேட் ரிவர் கிளென் என்னும் மலை இருக்கிறது. 1995இல் அங்கே சறுக்குபவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து, பங்கு போட்டு, மலையை வாங்கினார்கள். 1948இல் அமைந்த ஒற்றையாள் நாற்காலி இழுவை பழுதானபோது, இருவர் அமரும் புதியதை வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. உறுப்பினர்கள் பழையதையே புதுப்பிக்க முடிவு செய்து, நிதி திரட்டி, 2007இல் மீட்டெடுத்தார்கள். நாற்காலி கூடினால் மலையில் ஆள் கூடும்; ஆள் கூடினால் பனி தேயும் என்பது அவர்கள் கணக்கு. அந்த நாற்காலியில் தனியாக மேலே போகும்போது பேச்சுத்துணைக்கு ஆளில்லை; பனி விழும் ஓசையைக் கேட்கலாம்.

கிரீன்ஸ்பரோ என்னும் சிற்றூரில் ஷான் ஹில் என்பவர் 2010இல் தம் முன்னோரின் நிலத்தில் ஆலை தொடங்கினார். அவர் பியர்களில் பலவற்றுக்கு எட்வர்டு, ஆனா என்று தம் முன்னோரின் பெயர்கள். உலகின் தலைசிறந்த ஆலையென்று சுவைஞர்கள் பலமுறை தேர்ந்த பிறகும் அவர் அந்தக் குன்றை விட்டுப் போகவில்லை. பனிக்காலத்தில் கடைசிச் சில மைல்கள் மண்சாலை. எங்கள் வண்டி ஊர்ந்துதான் போனது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு நம் வட்டத்தை எண்ணிப் பார்த்தேன். பத்து ஆண்டுகளில் உறுப்பினர் பெருகியிருக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை வரும் நம் தொகுப்பை மாத இதழாக்கி, நன்கொடையாளரின் துணையோடு எல்லா ஊர்களுக்கும் அனுப்பவேண்டும் என்று ஒரு முன்மொழிவு பொதுக்குழுவின் முன் இருக்கிறது. அதை ஆதரிப்பவர்களின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். எதிர்ப்பவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வளர்வதா என்று கேட்பதற்கு முன், எது வளரக்கூடாது என்று கேட்டுக்கொள்வோம். கவிதையைக் கூடிப் படித்து, ஒவ்வொரு சொல்லையும் விவாதித்து, எழுதியவர் முகத்துக்கு நேரே குறை சொல்லும் இந்த அறையின் வழக்கம் நம்முடைய ஈஸ்ட். அது முன்னோடிகள் நமக்குக் கொடுத்தது. இதழ் பெரிதாகி அது செத்துப்போனால், பெயர் மட்டும் நியூயார்க்குக்குப் போன கதையாகிவிடும். அது உயிரோடு இருக்குமானால், வெள்ளம் வந்த இரண்டாம் நாளும் நாம் தொடங்கலாம்.

என் கருத்து இதுதான்: இதழை மெல்ல வளர்ப்போம், அதன் உரிமை உறுப்பினர் கையிலேயே இருக்கட்டும், ஒருவரே தாங்கும் நன்கொடை வேண்டாம், பலர் போடும் சிறு பங்கு போதும். பொதுக்குழு வேறு முடிவு எடுத்தாலும் நான் இந்த அறைக்கு வருவேன், குறை சொல்வேன், உங்கள் குறைகளையும் கேட்டுக்கொள்வேன்.